ஐஸ் பெட்டியில் வைத்த கட்டி

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் என் மகன் அருளுக்கு,

இந்த முறை அப்படிச் செய்யாதே. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பப் போகிறேன், வரிசையாகப் படி. ரிசல்ட் வந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் நீ போனில் கேட்டபோது "இன்னும் வரலடா, வந்தா சொல்ல மாட்டனா" என்றேன். அது பொய். வந்துவிட்டது, என் கண்ணாலேயே பார்த்துவிட்டும் வந்தேன். போனில் உன் குரலைக் கேட்டால் என் வாயில் வேறு என்னென்னவோ வந்துவிடும், அது உனக்கும் தெரியும். பேனாவைப் பிடித்தால்தான் கான்வென்ட் சிஸ்டர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது மாதிரி எனக்கு ஒழுங்கு வருகிறது. அதனால் ஏலம் முடிந்து, மீனை விற்றுத் தீர்த்து, குளித்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஃபேன் சுற்றினால் தாள் பறக்கிறது என்று அதையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். வேர்த்துக் கொட்டுகிறது.

நடுவில் நீ குழம்பாமல் இருக்க, விஷயம் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கழுத்தில் வந்தது சும்மா நெறிகட்டி இல்லை, லிம்போமா என்பது உனக்கே தெரியும். ரத்தத்தில் காவல் வேலை பார்க்க வேண்டிய வெள்ளை அணுக்களில் ஒரு கூட்டம் புத்தி கெட்டுப் பெருகிவிட்டது. அதில் எந்த வகை என்பதுதான் கேள்வி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று சின்ன லிம்போசைட் லிம்போமா. அவசரமே படாதாம். பலருக்கு மருந்தே இல்லாமல் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்துவிடலாமாம். அவளுக்கு நிதானக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். இன்னொன்று மேன்டில் செல் லிம்போமா. பெரும்பாலும் சும்மா விட்டுவைக்கக் கூடாது, வைத்தியத்தை ஆரம்பித்துவிட வேண்டும். அவள் அவசரக்காரி. நிதானக்காரி என்றால் கப்பல் ஏறுவேன், அவசரக்காரி என்றால் கப்பலும் வேணாம் ஒண்ணும் வேணாம் என்று சென்ட்ரல் ஸ்டேஷனில் என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் நீ கப்பல் கம்பெனி வேலையாக மும்பைக்கு ரயில் ஏறினாய். சின்ன வயதில் துறைமுகச் சுவரோரம் நின்று, எந்தக் கப்பல் எந்த நாடு என்று கொடியைப் பார்த்துச் சொன்ன பிள்ளை நீ. என்ஜின் ரூமில் ஒரு வேலைக்காக எத்தனை வாசல் ஏறி இறங்கினாய். அப்படிக் கிடைத்த கப்பலை என் கழுத்துக் கட்டியில் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

கட்டியை முதலில் பார்த்தது நீதான். நான் கண்ணாடி முன்னால் நின்று கொண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து, "இன்னாம்மா இது, காதுக்குக் கீழ கோலிகுண்டு கணக்கா கீது" என்று அழுத்திப் பார்த்தாய். "பல்லு வலில வந்ததுடா, சொம்மா நோண்டாத" என்றேன். பல்லே வலிக்கவில்லை. கட்டியும் வலிக்கவில்லை. வலிக்காததால்தான் அதை நான் மதிக்கவே இல்லை. நீ விடாமல் பேஜாரு பண்ணி ராயபுரத்து நர்சிங் ஹோமுக்கு இழுத்துப் போனாய். அந்த அறுவை டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, முழுசாக எடுத்து அனுப்பிவிடலாம் என்றார். ஒரு சனிக்கிழமை எடுத்தார்கள். எடுத்ததை ஒரு பிளாஸ்டிக் புட்டியில் போட்டு, "சொந்தக்காரங்க யாருங்க? இதைக் கொண்டுபோய் லேபுல குடுத்துடுங்க" என்று நர்ஸ் உன் கையில் திணித்தாள். நம் ஊரில் அப்படித்தானே, உடம்பிலிருந்து எடுத்ததைப் பெற்ற பிள்ளையோ கட்டிய புருஷனோதான் பையில் போட்டுக்கொண்டு ஊரைக் கடக்க வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் என்ன, எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. நான் மயக்க மருந்தில் உளறிக்கொண்டு கிடந்தேன்.

அதற்கப்புறம் நீ செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கோபித்துக்கொள்ளாதே, உண்மையாகவே வருகிறது. பைக்கில் போகும்போது புட்டியின் மூடி இளகி, பை நனைந்து, அந்த வாசனை உன் மூக்கில் ஏறியிருக்கிறது. ஃபார்மலின்! வேறு எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் மூடியை இறுக்கிவிட்டுப் போயிருப்பான். ஆனால் நீ காசிமேட்டில் மீன் விற்கிற வீட்டுப் பிள்ளை.

மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்பிய அந்த நாட்கள் உனக்கு நன்றாக நினைவிருக்கும். மார்க்கெட் காற்றாடியது. அப்போதுதான் வலையிலிருந்து வந்த சங்கரா மீனைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். பரம்பரையாக வாங்கிய வீடுகள் கோழிக்கு மாறிவிட்டன. உங்கப்பா உயிரோடு இருந்த காலம். வேற்றூர் லாரி ஒன்றிலிருந்து இறங்கிய பெட்டியைத் திறந்தவர், முகர்ந்துவிட்டு முகம் சுளித்து, அந்த வியாபாரியின் சட்டையைப் பிடித்துவிட்டார். "பொணத்துக்கு ஊத்தறத துன்ற பொருள்ள ஊத்திக்கினு வர்றியா? இத்த எங்க சனம் துன்னுமா? எட்து போடா கலீஜ்!" என்று அவர் போட்ட சத்தம் மெயின் ரோடு வரை கேட்டிருக்கும். நீ பள்ளிக்கூட யூனிஃபார்மோடு பக்கத்தில் நின்றாய். அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு மீனை எடுத்து உன் மூக்குக்கு நேராக நீட்டினார். அன்றைக்கு நீ ராத்திரிச் சோறு தின்னவில்லை. அந்த வாசனை வந்தால் பொருள் கெட்டுப்போனது, ஏமாற்று, கொட்ட வேண்டியது. நம் வீட்டில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

ஆகவே நீ பாலத்து இறக்கத்தில் வண்டியை நிறுத்தினாய், அம்மாவின் சதையைக் கண்ட விஷத்தில் போட்டு வைத்திருக்கிறார்களே என்று புட்டியைக் கவிழ்த்து அத்தனையையும் ரோட்டோரம் ஊற்றினாய். கன்டெய்னர் லாரி நெரிசலில் ஊர்ந்து லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூட்டிவிட்டார்கள், மறுநாள் ஞாயிறு. நேராக வீட்டுக்கு வந்து, கட்டியை நல்ல தண்ணீரில் அலசி, புதுக் கவரில் போட்டு, சின்னத் தெர்மாகோல் பெட்டியில் கீழே ஐஸ், மேலே ஐஸ் என்று அடுக்கி வைத்தாய். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஐஸ் உருக உருக மாற்றினாய். கல்யாண வீட்டு வஞ்சரத்துக்குக்கூட நம் வீட்டில் இத்தனை உபசாரம் நடந்ததில்லை. திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, "சோக்கா கீதும்மா, கொஞ்சம்கூட நாறல" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாய்.

ஒரு வாரம் கழித்து அறுவை டாக்டர் போன் செய்தார். லேபில் விசாரித்தாராம், மோசமான வகைக்கு இருக்க வேண்டிய அடையாளம் காணோமாம், அப்படியென்றால் மெதுவான வகையாகத்தான் இருக்கும், முழு ரிப்போர்ட் வரட்டும் என்றார். முழு ரிப்போர்ட் என்ற வார்த்தை உன் காதில் விழவே இல்லை. மாதா கோயிலுக்கு ஓடி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாய். எதிர்வீட்டுக்கெல்லாம் பால்கோவா கொடுத்தாய். மறுநாளே லேபிலிருந்து அந்த டாக்டரம்மா, கட்டிகளைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறவர், நேரில் வரச் சொன்னார். கையெழுத்துப் போட மனசு வரவில்லை, ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றார்.

அந்த அறையில் நடந்ததை நீ பாதிதான் கவனித்தாய், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்கோ அங்கே போனதும் பயம் எங்கேயோ ஓடிவிட்டது. மேஜை மேல் மைக்ராஸ்கோப், எதிரும் புதிருமாக இரண்டு பேர் பார்க்கிற மாதிரி இரண்டு குழாய். "டாக்டரம்மா, என்னோட கட்டியை எனக்குக் காட்ட மாட்டீங்களா? செவுளைத் தூக்கிப் பாக்காம ஒரு மீனும் நான் வாங்கினதில்ல" என்றேன். அவர் சிரித்துவிட்டார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "உக்காருங்க" என்று எதிர்க் குழாயை என் பக்கம் திருப்பிவிட்டார்.

முதலில் பார்த்தது ஊதா. வெறும் ஊதாப் புள்ளிகள், கேழ்வரகைக் கொட்டிப் பரப்பிய மாதிரி, ஓரங்களில் மசங்கலாக. "ரெண்டு வியாதியிலயும் இப்படித்தான் தெரியும். இதை வெச்சுப் பிரிக்கறது கஷ்டம். அதனால புரதத்தைத் தேடறோம்" என்றார். ஒவ்வொரு வகை அணுவும் தன்னிடத்தில் சில புரதங்களை வைத்திருக்குமாம். அந்தந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற ஒரு பொருளை மேலே ஊற்றுவார்களாம். ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் ஏறும். புரதம் இல்லாவிட்டால் நிறம் இல்லை. "அந்த ஒட்டற பொருளு எங்கேர்ந்து வருது?" என்று கேட்டேன். நீ "அம்மா, கம்முனு இரு" என்று முழங்கையால் இடித்தாய். டாக்டரம்மா சந்தோஷமாகப் பதில் சொன்னார். "சிலது எலியோட உடம்புலேர்ந்து, சிலது முயல்லேர்ந்து ஆரம்பிச்சது. நம்ம புரதத்தை அது உடம்புல போட்டா, வேத்து ஆளு வந்துட்டான்னு எதிர்த்து ஒண்ணை உண்டாக்கும். அதைத்தான் இப்போ லேபுல வளர்த்து எடுக்கறாங்க." அடேயப்பா! ராயபுரத்து மீன்காரி கழுத்தில் இருப்பது என்னவென்று எங்கேயோ ஒரு முயல் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்தும் அந்த முயலை என்னால் விடவே முடியவில்லை.

அடுத்தடுத்து மாற்றிக் காட்டினார். சிடி இருபது என்ற புரதம் பழுப்பாக வந்திருந்தது, அதனால் இது பி வகை வெள்ளை அணு என்று தெரிந்துவிட்டதாம். சிடி ஐந்து லேசாக வந்திருந்தது. அது சாதாரணமாக வேறு வகை அணுவில் இருக்க வேண்டியதாம், நிதானக்காரியும் அவசரக்காரியும் மட்டும் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைவார்களாம். அதுவரை இரண்டு பேருக்கும் ஒரே ஜாடை. பிரிக்கிற இடம் அதற்கு அப்புறம்தான். சிடி இருபத்து மூன்று வந்தால் பெரும்பாலும் நிதானக்காரி. சைக்ளின் டி ஒன்று என்று ஒரு புரதம் அணுவின் நடுக்கொட்டையில் வந்தால் அவசரக்காரி. என் கட்டியில் இரண்டுமே வரவில்லை. "சைக்ளின் வரலைன்னா நல்லதுதானே டாக்டர்?" என்று நீ அவசரமாகக் கேட்டாய்.

அதற்கு அவர் சொன்னதைத்தான் நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மைக்ராஸ்கோப்பில் ஒரு சின்ன ரத்தக் குழாயைக் காட்டினார். "இதோ இந்தக் குழாய்ச் சுவர்ல இருக்கற அணுக்கள் நல்ல அணுக்கள். வியாதி இருக்கோ இல்லையோ, சைக்ளினைத் தேடற பொருளை ஊத்தினா இதுங்க பழுப்பாகியே தீரணும். எங்களுக்கு அதுதான் சாட்சி. இங்க பாருங்க, சாட்சிக்கே நிறம் ஏறலை. அப்போ கட்டியில நிறம் ஏறலைங்கறதை நான் எப்படி நம்பறது? இல்லைன்னு இது சொல்லலை. எதையுமே சொல்லலை." பிறகு உன் பக்கம் திரும்பி, "தம்பி, இதை எதுல போட்டு எடுத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டார்.

நீ நிமிர்ந்து உட்கார்ந்து, பாராட்டு வரப்போகிற மாதிரி சொன்னாய். "அந்த நர்சு ஏதோ ஃபார்மலினு ஊத்திக் குட்தாங்க டாக்டர். அந்தக் கலீஜக் கொட்டிட்டு, சுத்தமா கழுவி, ஐஸ்ல வெச்சு ஃப்ரெஷ்ஷா எட்தாந்தேன்." டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம், "மீனா இருந்தா நீங்க செஞ்சது ரொம்பச் சரி" என்றார். உடம்பை விட்டு வெளியே வந்த சதை தன்னைத்தானே கரைக்க ஆரம்பித்துவிடுமாம். ஃபார்மலின்தான் ஒவ்வொரு புரதத்தையும் அது இருந்த இடத்திலேயே பிடித்துப் பூட்டி வைக்குமாம். ஐஸ் கரைவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான், ஒன்றரை நாளைக்கெல்லாம் தாங்காது. தண்ணீரில் அலசியதில் அணுக்கள் ஊறி உடைந்தும் போயிருந்தன. உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். எனக்கோ அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. நீ இன்றுவரை அது உன்னைத் தேற்றுவதற்காகச் சிரித்த சிரிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லவே இல்லை. எந்த மருந்தைக் கண்டு உங்கப்பா லாரிக்காரனை அடிக்கப் போனாரோ, அது இங்கே நல்ல மருந்து. எந்த ஐஸை நாம் சாமி மாதிரி கும்பிடுகிறோமோ, அது இங்கே உதவாது. உங்கப்பா அந்தப் புட்டியைச் சுமந்திருந்தால் அவரும் கொட்டியிருப்பார். நான் நினைவோடு இருந்திருந்தால் நானும் "கொட்றா முதல்ல" என்றிருப்பேன். இதில் உன் தப்பு என்று நெஞ்சில் குத்திக்கொள்ள எதுவும் இல்லை அருளு. இனிமேல் அந்தப் பேச்சை எடுத்து "என்னால்தாம்மா" என்று ஆரம்பித்தால் நிஜமாகவே திட்டுவேன்.

ஆனால் அதற்கப்புறம் பஸ்ஸில் நீ பேசினாயே, அதுதான் எனக்குக் கோபம். இன்னொரு கட்டியை எடுத்து அனுப்ப வேண்டும் என்றதும், "வேணாம்மா, மறுபடி உன்ன அறுக்க வேணாம். அறுவை டாக்டர் நல்ல வார்த்தை சொல்லிட்டாரு இல்ல? அத்தோட உட்டுடு. தெரியாமலே இருந்துட்டா இன்னா இப்போ?" என்றாய். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "இன்னாடா பேசற? என் உடம்புல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாம, நீ நல்லாத் தூங்கணுமா?" பக்கத்து சீட்டு அம்மா எழுந்து முன்னால் போய்விட்டாள். நீ அழுதுவிட்டாய், மீசை வைத்த பிள்ளை. உன் பயம் எனக்குப் புரிந்தது. உங்கப்பாவை ஒரு நிமிஷத்தில் பறிகொடுத்த வீட்டில், நல்ல வார்த்தை ஒன்று கையில் கிடைத்தால் யாருக்குத்தான் விட மனசு வரும். ஆனாலும் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பயம் இல்லாமல் இல்லை. பயத்தைவிட அந்த ஆசைதான் பெரிசாக இருந்தது.

நீ மும்பைக்குப் போன பிறகு அக்குளில் இருந்த இன்னொரு கட்டியை எடுத்தார்கள். இந்த முறை அறுக்கிற இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள், முழு நினைவோடு இருந்தேன். புட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. "சொந்தக்காரங்க யாருங்க" என்று அதே நர்ஸ் கேட்டாள். "நான்தான். இது என்னோட சதை, எனக்கு இதைவிடச் சொந்தம் வேற யாரு?" என்றேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். தண்டையார்பேட்டையிலிருந்து வந்த லாரி வரிசையில் ஆட்டோ நின்றது, நகரவே இல்லை. மூடி வழியாக அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது. யேசுவே, கொட்டிவிடு கொட்டிவிடு என்று என் கை பரபரத்த பரபரப்பு எனக்குத்தான் தெரியும். முந்தானையைப் புட்டியில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா, ஊறுகாயா?" என்றான். "ஆமாம்பா, எங்க வூட்டு ஊறுகா" என்றேன்.

முந்தாநாள் டாக்டரம்மா கூப்பிட்டார். அறைக்குள் போனதும் ரிசல்ட் சொல்ல வாயைத் திறந்தார். "சொல்லாதீங்க, காட்டுங்க" என்றேன். எதிர்க் குழாயில் கண்ணை வைத்தேன். இந்த முறை ஊதாப் புள்ளிகள் ஓரம் தெளிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக, அவ்வளவு அழகாக இருந்தன. அப்புறம் சைக்ளின் போட்ட கண்ணாடியை மாற்றினார். "முதல்ல சாட்சியைப் பாருங்க" என்று நகர்த்தி நிறுத்தினார். ரத்தக் குழாயின் சுவரில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழுப்புப் புள்ளிகள். சாட்சி வாய் திறந்துவிட்டது, இனி வருகிற பதிலை நம்பலாம். அவர் மெல்ல இடம் மாற்றினார்.

எல்லாம் பழுப்பு, அருளு. எந்தப் பக்கம் நகர்த்தினாலும், ஒவ்வொரு அணுவின் நடுக்கொட்டையிலும் பழுப்பு. அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவசரக்காரிதான்.

இந்த இடத்தில் நீ எழுந்து நடக்க ஆரம்பித்திருப்பாய். உட்கார். மீதியையும் படி. நான் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா என் தோளில் கைவைத்தார். "அழறீங்களாம்மா?" என்றார். "இல்ல, பாத்துகினு கீறேன்" என்றேன். இரண்டும்தான் நடந்துகொண்டிருந்தது. பிறகு அவர் இன்னொரு கண்ணாடியும் காட்டினார். அணுக்களில் எத்தனை இப்போது பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டுகிற புரதமாம். அதில் பழுப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக, குறைவாகத்தான் இருந்தது. "அவசர வகைதான், ஆனா அந்த வகைக்குள்ள இது அவ்வளவு வேகமா ஓடலை. இது நல்ல சேதி" என்றார். முதலில் கிடைத்த பதிலை நம்பி நாம் பால்கோவா தின்றுகொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் ரிப்போர்ட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அங்கிருந்து புற்றுநோய் டாக்டரிடம் போனேன். ஸ்கேன் எடுக்க வேண்டும், எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் மருந்தை சலைன் மாதிரி ஏற்றுவார்கள், மாதா மாதம் போய் வர வேண்டும். வேரோடு போய்விடும் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. அடக்கி வைக்க மருந்து இருக்கிறது, பல பேர் வேலை வெட்டி பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள் என்றார். அந்த மருந்தில் ஒன்று, பழுப்பாக வந்ததே சிடி இருபது, அதே புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதாம். அடையாளம் காட்டியதும் அதுதான், அடிக்க வழி காட்டுவதும் அதுதான். கேட்டதும் எனக்கு எழுந்து ஒரு விசில் அடிக்கலாம் போல இருந்தது. முதல் தடவை ஏற்றும்போது மட்டும் குளிர் நடுக்கம், காய்ச்சல் வரலாமாம், மெதுவாக ஏற்றுவார்களாம், பக்கத்தில் ஆள் வேண்டுமாம்.

இப்போது கப்பல் விஷயம். நீ செய்த சத்தியத்தை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. என் தலையில் கைவைத்துவிட்டால் ஆயிற்றா, என் சம்மதம் வேண்டாமா? கப்பலை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டே வாரத்தில் நம் இரண்டு பேருக்கும் அடிதடி நடக்கும். அதே சமயம், "நீ போ கண்ணு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதுவேன் என்றுதானே எதிர்பார்க்கிறாய்? எழுத மாட்டேன். உன் கம்பெனியில் சேரும் தேதியை அடுத்த கப்பலுக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்று நீயே ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாய். தள்ளிக்கொள். முதல் தடவை மருந்து ஏற்றும்போது வந்து என் பக்கத்தில் உட்கார். எனக்குக் குளிர் நடுக்கம் வந்தால் போர்வையை இழுத்துவிடு. அது முடிந்ததும் கப்பல் ஏறு. எனக்குப் பயமாக இருக்கிறது அருளு. அந்தப் புள்ளிகள் எவ்வளவு அழகு என்று சொன்னேனே, அதே புள்ளிகளைக் கண்ணை மூடினாலும் பழுப்பாகப் பார்க்கிறேன். நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை பக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

நான் பேசுவதை நீ நடித்துக் காட்டுவாயே, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எனக்கின்னா, நா நல்லாத்தான் கீறேன்" என்று. கழுத்தில் கட்டியோடும் அதைத்தான் சொன்னேன், தையல் போட்ட மறுநாளும் அதைத்தான் சொன்னேன். உங்கப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து, நீ பரீட்சைக்குக் கிளம்பத் தயங்கி நின்றபோதும் அதைத்தான் சொன்னேன். எதைக் கேட்டாலும் ஒரே பதில். நல்லா இருக்கும்போதும் அதே, இல்லாதபோதும் அதே. டாக்டரம்மாவிடம் அப்படி ஒரு கண்ணாடி போனால் கையெழுத்தே போட மாட்டார்.

இதைப் படித்து முடித்ததும் போன் செய்வாய், எனக்குத் தெரியும். "எப்டிம்மா கீற?" என்று கேட்பாய். என்னதான் இத்தனை பக்கம் எழுதியிருந்தாலும், உன் குரலைக் கேட்டதும் பழக்கத்தில், "எனக்கின்னாடா, நல்லாத்தான் கீறேன்" என்று என் வாய் சொல்லிவிடும்.

நம்பாதே. கிளம்பி வா.

அம்மா